அனாமத்துக் கணக்கில் எழுதாதீர்கள்

உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றும் மருத்துவர்கள், மயக்க மருந்து நிபுணர்கள், சிஸ்டர்கள், டயட்டீஷியன்கள், பிசியோதெரபிஸ்டுகள் அனைவருக்கும்:

ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டீர்கள். மிச்சம் இருக்கிற ஒல்லிக் குழாயோடு நன்றாகவே சாப்பிடுகிறேன். முழங்கால் முன்னைப் போல முரண்டு பிடிப்பதில்லை. சர்க்கரை மாத்திரை குறைந்திருக்கிறது. தூக்கத்தில் மூச்சு நிற்பதற்காக இரவெல்லாம் மூக்கில் மாட்டிக்கொண்டிருந்த கருவியை, மறுபடி பரிசோதித்துப் பார்த்த பிறகு, பரணில் ஏற்றியாயிற்று. ஆனால் உங்களிடம் வந்தபோது எடையோடு வேறு இரண்டு நோய்களும் என்னோடு வந்தன. உடம்பெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா ஒன்று, நாள்பட்ட சோர்வு நோய் மற்றொன்று. உங்கள் கேஸ் ஷீட்டில் இரண்டுக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு வரி கிடைத்தது. அதற்குப் பிறகு நீங்கள் கையில் கொடுத்த தாள்கள் எதிலும் அந்த ஒரு வரி கூட இல்லை. அந்தத் தாள்களைப் பற்றித்தான் இந்த மடல்.

ஃபைப்ரோமயால்ஜியாவை ரத்தத்திலோ ஸ்கேனிலோ கண்டுபிடிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். 1990-இல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கம் வகுத்த முறைப்படி உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடத்தில் வலித்தால் நோய் என்றார்கள். 2010-இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டு, உடம்பின் எத்தனை பகுதிகளில் வலி, தூங்கி எழுந்தால் தெளிவு இருக்கிறதா, அசதி எவ்வளவு, ஞாபகம் எப்படி என்று கேட்கும் முறைக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறவர்கள் உண்டு. போகட்டும். நாள்பட்ட சோர்வு நோயின் தனிக்குணம், சக்திக்கு மீறிச் செய்த வேலைக்கான தண்டனை உடனே வராது. நாளையோ நாளன்றைக்கோதான் வரும். திங்கள்கிழமை கோயில் பிராகாரத்தைச் சுற்றியவள் புதன்கிழமை படுக்கையை விட்டு எழ மாட்டாள். 2015-இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் அந்த நோயின் மைய அடையாளங்களில் ஒன்றாக வைத்தது.

எடைக்கும் இவற்றுக்கும் உள்ள உறவு ஒரு பக்கத்துக் கதை இல்லை. வலியால் நடமாட்டம் குறைகிறது, எடை ஏறுகிறது. தூக்கம் கெட்டால் பசி கூடுகிறது. அதோடு, வலிக்கென்று எழுதித் தருகிற பிரிகாபலினும் அமிட்ரிப்டிலினும் தம் பங்குக்கு எடையைக் கூட்டக்கூடியவை. ஒரு அறையில் அந்த மருந்தை எழுதிக் கொடுப்பார்கள், அடுத்த அறையில் ஏன் இப்படி எடை போட்டீர்கள் என்று கேட்பார்கள். இரண்டு அறைக்கும் நடுவிலிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பவள் நான். இந்த நிலையில் இருப்பவளிடம் போய், "எடை குறையட்டும், வலியெல்லாம் பறந்துடும்" என்று சொல்வது சரியா? முழங்கால் வலிக்கு அது பொருந்தும். மூச்சு நிற்பதால் கெட்ட தூக்கத்துக்கும் பொருந்தும். ஃபைப்ரோமயால்ஜியா வலி அறுவைக்குப் பின் பலருக்குக் குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கத்தான் செய்கின்றன. அவை பெரும்பாலும் சிறியவை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாதவை. எல்லோருக்கும் குறைந்ததாக அவையும் சொல்லவில்லை. "இது உங்கள் சர்க்கரைக்கும் முழங்காலுக்கும் தூக்கத்துக்கும் செய்கிற ஆபரேஷன். உடம்பு வலியும் குறைந்தால் அது உபரி லாபம்" என்று சொல்லிப் பாருங்கள். அதைக் கேட்டும் கையெழுத்துப் போடுகிறவள் பிறகு ஏமாற மாட்டாள்.

காப்பீடு இந்த விஷயத்தில் உங்களைவிட நேர்மை. 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிப்படி, பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும், அல்லது 35-உம் கூடவே இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற ஒன்றும் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு இடமில்லை. வலிக்காக இந்த ஆபரேஷனை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதை அந்தப் பட்டியல் வாயைத் திறக்காமலே சொல்லிவிடுகிறது.

இனி மருந்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால், "எல்லா மாத்திரையும் நிறுத்திடுங்கம்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சத்து மாத்திரைக்கு அது சரி. ஆனால் ஃபைப்ரோமயால்ஜியா வலிக்குத் தரும் டுலாக்ஸெட்டினைச் சட்டென நிறுத்தினால் தலைக்குள் மின்சாரம் பாய்வது போலச் சொடுக்கும், கிறுகிறுக்கும், குமட்டும். ஆபரேஷன் முடிந்த மறுநாள் குமட்டல் எல்லோருக்கும் உண்டு என்பதால், இந்தக் குமட்டல் எதனால் வந்தது என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், நிறுத்தாமலே இருந்து, வலிக்கு டிரமடால் ஊசி போட்டால் வேறு சிக்கல். டுலாக்ஸெட்டினும் டிரமடாலும் சேர்ந்தால் உடம்பில் செரட்டோனின் மிகையாகிக் காய்ச்சல், நடுக்கம், படபடப்பு வரலாம். டிரமடாலின் வலி நீக்கும் திறனையும் டுலாக்ஸெட்டின் குறைத்துவிடும். பிரிகாபலின் சாப்பிடுகிறவளுக்கு ஓபியாய்டு ஊசியும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் எச்சரித்தது. தூக்கத்தில் மூச்சு நிற்கிறவளுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். உங்கள் வார்டில் பருமனான உடம்போடு படுத்திருக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிக்கு பிரிகாபலின், ஓபியாய்டு, தூக்க மூச்சுத்தடை ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதெல்லாம் மயக்க மருந்து நிபுணர்களுக்குத் தெரியாததல்ல. அவர்கள் எங்களைப் பார்ப்பது ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் என்பதுதான் கோளாறு. பற்களைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போக மட்டுமே அப்போது நேரம் இருக்கிறது. மெல்லக் குறைக்க வேண்டிய மருந்தை ஒரே ராத்திரியில் குறைக்க முடியுமா? ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்கு மாத்திரையைப் பொடித்துச் சாப்பிடச் சொல்கிறீர்கள். மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். குடலில் போய்க் கரைய வேண்டிய டுலாக்ஸெட்டினின் பூச்சு நொறுங்கினால் இரைப்பை அமிலமே மருந்தைத் தின்றுவிடும். எதைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக் கூடாது, எதை வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுக்க ஒரு ஃபார்மசிஸ்ட் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குச் சலுகை தர வேண்டாம். ஆபரேஷன் ஆன அன்றைக்குச் சாயங்காலமே எழுப்பி நடக்க வைக்கிறீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது எந்த வலியைவிடவும் பெரிய விஷயம். நாங்கள் முனகுவோம், உங்களைத் திட்டவும் செய்வோம். கட்டிலிலிருந்து கதவு வரை, கதவிலிருந்து கட்டில் வரை, சிறிது சிறிதாக, பலமுறை நடக்க வையுங்கள். நடைக்கு நடுவே உட்காரச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் எனக்குப் பெரிய மனத்தாங்கல், ஆறு வேளை உணவு என்ற வரி. முதலில் தெளிந்த நீர், பிறகு கஞ்சி, பிறகு மசித்தது, பிறகு குழைவானது, கடைசியில் சாதாரணச் சாப்பாடு என்று வாரம் வாரமாக ஏறும் அட்டவணை. அதில் தவறில்லை. ஆனால் ஆறு வேளை உணவு என்றால் ஆறு முறை அடுக்களைக்குள் போக வேண்டும். ஒரு கரண்டி பருப்பை மசிக்க மிக்ஸி ஜாரை எடுத்து, அரைத்து, வடிகட்டி, ஜாரைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். பாத்திரம் தேய்ப்பதையே நடுநடுவே உட்கார்ந்து உட்கார்ந்து செய்கிறவளுக்கு அந்த ஜார் ஒரு நாளின் பாதிச் சக்தியைக் குடித்துவிடும். தாளை எழுதியவர், நோயாளிக்கு யாரோ சமைத்துப் போடுவார்கள் என்று நினைத்து எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளில் அந்த 'யாரோ' நோயாளியேதான். அவள் தனக்கு மசித்ததும் பிள்ளைகளுக்கு இட்லியும் வீட்டுக்காரருக்குக் குழம்பும் என்று மூன்று சமையல் செய்வாள். ஆலோசனை கேட்க வரும்போது கணவரையோ மாமியாரையோ கூட வரச் சொல்கிறீர்கள். அப்போது அவர்களிடம் எடை வரைபடத்தைக் காட்டுவதோடு, முதல் மாதம் அடுப்படி யார் பொறுப்பு என்றும் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

புரதக் கணக்கும் அப்படித்தான். நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் வலி கூடும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம். முட்டை தொடாத வீட்டில் பருப்பு, தயிர், பனீர், சுண்டல், சோயா என்றுதான் சுற்றி வர வேண்டும். நாலு வாய் சாப்பிட்டால் நிரம்பிவிடும் வயிற்றில் முதல் வாய் சோறாக இருந்தால் பருப்புக்கு இடமில்லை. இதை எனக்குத் தெளிவாகச் சொன்னவர் உங்கள் டயட்டீஷியன்களில் ஒருவர். அவருக்கு நன்றி. அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். நடக்க முடியாத நாளுக்கென்று, அன்றைக்குச் சமைக்க வேண்டியிராத உணவுப் பட்டியல் ஒன்று: புரதப் பொடி, கெட்டித் தயிர், முந்தின நாளே வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்த முட்டை. அப்படியொரு பட்டியல் இல்லாததால்தான் மோசமான நாட்களில் ரஸ்க்கும் டீயுமாக ஓட்டுகிறோம்.

தண்ணீர் விஷயம் உங்கள் தாளில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: சிறிது சிறிதாகக் குடிக்கவும், சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது. நாள்பட்ட சோர்வு நோய்க்காரர்கள் பலருக்கு எழுந்து நின்றால் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். அதற்கென்று எங்களுக்குச் சொல்லப்பட்ட வைத்தியமே நிறையத் தண்ணீர், நிறைய உப்பு. ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு எழுந்து பழகியவள், இனி மடக்கு மடக்காக உறிஞ்ச வேண்டும். அமிட்ரிப்டிலின் வேறு நாக்கை வறட்டும். சித்திரை வெயிலில் திருநெல்வேலியில் இதைச் செய்து பாருங்கள். வேளாவேளைக்கு அலாரம் வைத்து உறிஞ்சுவது, எழுவதற்கு முன் காலை அசைப்பது, ரத்த அழுத்த மாத்திரையின் அளவை எடை குறையக் குறையத் திரும்பப் பார்ப்பது என்று இதற்கு வழிகள் உண்டு. முதல் மாதத்திலேயே நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்த்தால் பாதிப் பேர் கீழே விழாமல் தப்பிப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

தினமும் 45 நிமிட நடை என்ற வரியைப் பற்றி உங்களோடு சண்டையே போடலாம். ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்கள் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு உறுதியாகப் பரிந்துரைத்த ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான். மெல்லத் தொடங்கி மெல்லக் கூட்டினால் அது உதவுகிறது என்பது என் அனுபவமும்கூட. ஆனால் நாள்பட்ட சோர்வு நோய்க்குப் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி, பயிற்சியைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும் முறையைக் கைவிடச் சொன்னது. இரண்டு நோயும் உள்ள ஒருத்திக்கு எதைச் சொல்வீர்கள்? அதற்கு ஒரே தாளில் பதில் இருக்க முடியாது. பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்க வேண்டியது, "நேற்று எவ்வளவு நடந்தீர்கள்" என்பதல்ல. "முந்தாநாள் நடந்ததுக்கு இன்னைக்கு எப்படி இருக்கீங்க" என்பதுதான். அந்தப் பதிலை வைத்துத்தான் நாளைய நடை. என் நடை இன்றைக்கும் 45 நிமிடத்தை எட்டவில்லை. எடை குறைந்துதான் இருக்கிறது.

வலி மாத்திரையைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி: டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் வகையறா கூடாது. இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பில் புண் வந்து, ரத்தம் கசிந்து, சிலருக்கு ஓட்டையே விழும். ஆனால் நோயாளி அதை வாங்குவது பெயர் சொல்லியல்ல. மெடிக்கல் ஷாப்பில் போய், "உடம்பு வலிக்கு ஒரு செட் கொடுங்க" என்பாள். கடைக்காரர் பேப்பரில் மடித்துக் கொடுக்கும் நாலு மாத்திரையில் ஒன்று நிச்சயம் அந்த வகை. ஃபைப்ரோமயால்ஜியாக்காரிக்கு வலி வருடத்தில் இரண்டு நாள் வருவதல்ல, தினமும் வருவது. 'கூடாது' என்று சொல்லி அனுப்பினால் போதாது. பிறகு எதைச் சாப்பிடலாம் என்று சொல்ல வேண்டும். பாராசிட்டமால் எவ்வளவு, வெந்நீர் ஒத்தடம், எந்த மருந்தைக் கூட்டலாம், யாரிடம் போக வேண்டும் என்பதெல்லாம். இல்லாவிட்டால் தெருமுனைக் கடைக்காரர்தான் சொல்வார்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் வைப்போம். வைப்பது தப்பில்லை. மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தால் தணிக்கைக்கு வருகிறவர் கேள்வி கேட்பார். உங்கள் துறையில் ஃபைப்ரோமயால்ஜியா அப்படியொரு அனாமத்துக் கணக்காகிவிட்டது. அசதியா, ஃபைப்ரோ. கை கால் மரத்துப்போகிறதா, ஃபைப்ரோ. ஞாபக மறதியா, அதுவும் ஃபைப்ரோ. தணிக்கை செய்ய ஆளில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து எடை நன்றாக இறங்கி, எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்த காலம். அசதி மறுபடி ஏறியது. ஆனால் இது வேறு மாதிரி அசதி, மூச்சு வாங்கியது. பரிசோதனைக்குப் போனபோதெல்லாம் எடை பார்த்தார்கள், தட்டிக்கொடுத்தார்கள், பழைய நோய்தானே என்றார்கள். கண்டுபிடித்தது என் மாமியார். இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியை நான் அள்ளி அள்ளி மென்றுகொண்டிருந்தேன். "ஏட்டி, ஊறவச்ச அரிசில கால்வாசியக் காணோம். இந்த வயசுல உனக்கு மசக்கையா?" என்றார். தெருவில் இருக்கிற பொது மருத்துவரிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்காமல் ஃபெரிட்டின் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். உடம்பின் இரும்பு இருப்பு அடிமட்டத்தில் கிடந்தது. பச்சரிசி, ஐஸ், மண் என்று கண்டதையும் தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளம். இரும்பு ஏற்றிய பிறகு அந்த அசதி போய்விட்டது. என் பழைய அசதி மட்டும் மிச்சம் இருக்கிறது. அதை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும்.

இரும்போடு முடிவதில்லை. வைட்டமின் பி12-ஐ உறிஞ்சத் துணைசெய்யும் பொருளைச் சுரக்கும் பகுதியில் பெரும்பங்கை வெட்டி எடுத்தாயிற்று. மெட்ஃபார்மினும், நெஞ்செரிச்சலுக்குத் தரும் பான்டோப்ரசோலும் பி12 உறிஞ்சப்படுவதை இன்னும் குறைக்கும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து, நோயாளி உங்களிடம் வருவதை நிறுத்திய பிறகுதான் பாதம் மரக்கும், இருட்டில் நடை தள்ளாடும். வைட்டமின் டி குறைந்தால் எலும்பும் தசையும் வலிக்கும், தரையில் உட்கார்ந்தவள் கையூன்றாமல் எழ மாட்டாள். இவையெல்லாம் ஃபைப்ரோமயால்ஜியாவின் முகத்தையே போட்டுக்கொண்டு வருகின்றன. ஆனால் ரத்தப் பரிசோதனையில் பிடிபடுகின்றன, மருந்தில் சரியாகின்றன. மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், பிறகு ஆண்டுதோறும் என்று நீங்களே வகுத்த பரிசோதனைகளை எங்களுக்கு ஒருமுறைகூடத் தவற விடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று ஃபெரிட்டினை விட்டுவிடாதீர்கள். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது, காபி குடித்த கையோடு இரும்பு மாத்திரை போடக் கூடாது என்பதை மறதிக்காரிக்கு வாயால் சொன்னால் நிற்காது. நேரம் போட்டு எழுதிக் கொடுங்கள், சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பயம் தருவது தயமின் என்ற வைட்டமின் குறைவதுதான். ஆபரேஷனுக்குப் பின் தொடர்ந்து வாந்தி எடுப்பவளுக்குச் சில வாரங்களிலேயே தயமின் தீர்ந்துபோகலாம். பார்வை இரட்டையாகும், கால் தடுமாறும், பேச்சு குழம்பும். ஃபைப்ரோமயால்ஜியாக்காரர்களுக்கு மூளை மந்தம் என்று ஒன்று ஏற்கெனவே பேர் வாங்கியிருப்பதால், வீட்டிலும் வார்டிலும் அதையே நினைத்துக்கொள்வார்கள். நம்மூரில் அசந்து கிடப்பவளை ஆட்டோவில் ஏற்றி அருகிலுள்ள கிளினிக்குக்குக் கொண்டுபோய், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்பார்கள். தயமின் தராமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு தீவிரமாகலாம். அது நிரந்தரமாகவும் தங்கிவிடக்கூடும். குளுக்கோஸ் பற்றிய இந்த எச்சரிக்கையைச் சிவப்பு மையில், தமிழில் ஒரு அட்டையில் அச்சடித்து, நோயாளியின் பர்ஸில் வைத்து அனுப்புங்கள். கிளினிக் டாக்டர் படிக்கட்டும்.

முன்–பின் புகைப்படத்துக்கு என்னையும் கேட்டீர்கள். கொடுக்க மறுத்தேன், கோபத்தால் அல்ல. அந்தப் படத்தைப் பார்க்கும் உறவினர்கள், "அதான் இளைச்சிட்டியே, இன்னும் என்ன வலி?" என்று கேட்கிறார்கள். பருமனாக இருந்தபோது வலிக்குக் காரணம் எடை. இளைத்த பிறகு வலிக்குக் காரணம் நடிப்பு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது எடைக் குறைப்பு ஊசிகள் வந்துவிட்டன, கத்தியே வேண்டாம் என்கிறார்கள். அந்த ஊசிக்கும் குமட்டல் உண்டு, பசி இல்லாமல் புரதம் குறைவது உண்டு. நான் இங்கே எழுதியதில் பாதியாவது அங்கேயும் பொருந்தும்.

என் நோய் உள்ள பெண்கள் சிலர், ஆபரேஷன் செய்துகொள்ளலாமா அக்கா என்று போனில் கேட்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. உங்களிடம்தான் அனுப்புகிறேன். தினமும் போடும் மாத்திரைகள், முந்தின ரத்தப் பரிசோதனைகள், ஒரு மாதம் எந்த நாள் என்ன செய்தார்கள், மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படி இருந்தார்கள் என்ற குறிப்பு, மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டுக் கொண்டுவருவார்கள். அந்த ஃபைலை, அவர்கள் உங்களிடம் வரும் முதல் நாளே, மயக்க மருந்து நிபுணரின் மேசைக்கும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளி ஒருத்தி,
திருநெல்வேலி